கோல்கீப்பருக்கு முகம் கிடையாது

முதல் ஊசி இறங்கும்போது கண்ணை மூடுவதில்லை என்று ஏசுபாதம் இரண்டு வருஷமாக ஒரு வீம்பு வைத்திருந்தான். இன்றைக்கு மூடிக்கொண்டான். திறந்திருந்தால் பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார், முதல் தடவை போலிருக்கிறது, கழுத்தில் குழாய் வைத்து ஒட்டியிருந்தார்கள், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள் மட்டும் தனியாக நடுங்கின. சனிக்கிழமை வரைக்கும் அது மதிவதனியின் படுக்கை. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை, ஒன்றரை வருஷமாக.

"மூணு கிலோ எண்ணூறு ஏறியிருக்கு," என்றான் டெக்னீஷியன் கமலக்கண்ணன், எடைச் சீட்டைப் பார்த்து. "என்னாண்ணே, ரெண்டு நாள்ல இவ்ளோ தண்ணியா? மொத்தத்தையும் இழுத்தா கால் புடிக்கும், தெரியுமில்ல?"

"தெரியும். இழு."

தெரியாமல் என்ன. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன மனுஷன் குடிக்கிற தண்ணீர் எங்கேயும் போகாது, உடம்பிலேயே நிற்கும், இந்த மெஷின்தான் நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து அதைப் பிழிந்து திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவன் ஒருநாளும் மீறியதில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மீறினான், வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு சொம்பு, அப்புறம் இன்னொரு சொம்பு, பெண்டாட்டி ரெஜினா பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை, அவள் தடுக்காததுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. குழாய்களில் சிவப்பு ஓட ஆரம்பித்தது. கூடவே குளிர். தன் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும்போது யாரோ அதை ஐஸ் பெட்டியில் வைத்துத் தருவது மாதிரி ஒரு குளிர், தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து நெஞ்சுக்கு. வலது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். இடது கையை அசைக்கக்கூடாது. நாலு மணி நேரம். வயிற்றின் மேல் போன் இருந்தது. போனுக்குள் கடைசி எபிசோடு இருந்தது. சனிக்கிழமை கிளம்பும்போது மதிவதனிதான் அதை ஏற்றிக்கொடுத்தாள், "செவ்வாக்கெழம சேந்து பாக்குறோம், தனியாப் பாத்தீங்க செத்தீங்க" என்று விரலை ஆட்டிச் சொன்னாள், இந்த வார்டில் செத்தீங்க என்று சொல்லிச் சிரிக்கிற தைரியம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

அவளுக்கு இருபத்தொரு வயது, ஆவடிப் பக்கம் அப்பா மாவு மில் வைத்திருந்தார். அவனுக்கு நாற்பத்தி நாலு, வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன், இப்போது ஒரு அடுக்குமாடி வாசலில் பகல் காவல். பேச என்ன இருந்திருக்கும், முதல் மாசம் முழுக்க இரண்டு பேரும் கூரை விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவள் போனில் பந்து உதைக்கிற சத்தம் கேட்டது. பந்தின் சத்தம் அவனுக்குத் தெரியும், காலின் உட்புறம் பட்டால் ஒரு சத்தம், கட்டைவிரல் எலும்பில் பட்டால் வேறு. இது இரண்டும் இல்லை, பீரங்கி வெடிக்கிற மாதிரி இருந்தது. "என்ன மேட்ச் பாப்பா?" என்று கேட்டான். மேட்ச் இல்லை, ஜப்பான் கார்ட்டூன். கார்ட்டூன் என்று சொன்னதற்கு அவளுக்குக் கோபம் வந்தது, அனிமே என்று திருத்தினாள். ஒரு தீவு. நாட்டிலிருக்கிற நூறு பார்வர்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுபோய் அதில் விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மேட்ச். தோற்ற பக்கம் சாயங்காலமே படகில் ஏறிப் போய்விட வேண்டும். கடைசியில் ஒருத்தன்தான் மிஞ்சுவான், அவன்தான் நாட்டுக்கு ஆடுவான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கோச், 'உன் பசியை மட்டும் நம்பு, கூட இருக்கிறவன் உன் சாப்பாடு' என்று ஒவ்வொரு எபிசோடிலும் கத்துவான். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து அவனுக்கு எட்டாத வேகம். அவள் படித்துத் தமிழில் சொல்வாள், குரலை மாற்றி மாற்றி, கோச்சுக்கு ஒரு குரல், நல்லவனுக்கு ஒன்று, தலைமுடியை வெள்ளையடித்த வில்லனுக்கு மூக்கால் ஒன்று. ஒரு இயர்போன் அவள் காதில், ஒன்று அவன் காதில், நடுவில் வயர் இரண்டு படுக்கைக்கும் பாலம் மாதிரித் தொங்கும். நர்ஸ் வந்தால் தூக்கிப் பிடித்துக் குனிந்து போவாள்.

பிடித்துப்போயிற்று, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அவன் இருபது வருஷம் மைதானத்தில் நின்றவன், வியாசர்பாடியில் கோல்கீப்பர், ஏசுபாதத்தைச் சுருக்கிப் பாதம் என்று கூப்பிட்டார்கள், கையால் ஆடுகிறவனுக்குப் பேர் பாதமா என்று எதிர் டீம்காரன் சிரிப்பான். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தானே தன்னைக் கேட்டுப் பார்த்தான். அந்த நிற்கிற நேரம்தான். பந்து காலுக்கு வரும், அதோடு எல்லாம் நின்றுவிடும், சத்தம் நின்றுவிடும், புல்லின் மேல் வெள்ளைக் கோடுகள் தானாக எழும், இந்தப் பக்கம் போனால் இது, அந்தப் பக்கம் போனால் அது, பையனின் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் சுழலும், மூன்று நிமிஷம் மனசுக்குள்ளேயே பேசுவான், பந்து அசையாது. பார்க்கிறவன் பொய் என்று சொல்லுவான். பாதத்துக்குத் தெரியும் அது பொய் இல்லை என்று. பெனால்டிக்கு எதிரில் நிற்கிறவனுக்கு அந்த அரை வினாடி அவ்வளவு நீளம்தான், அடிக்கிறவன் இடுப்பு திரும்புவது, அவன் கழுத்துச் செயின் எகிறுவது, அவன் அம்மா அவனுக்குப் பொட்டு வைத்து அனுப்பியிருப்பது வரைக்கும் தெரியும். அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை, எங்கேயோ ஜப்பானில் எவனோ அதை உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அதோடு தண்ணீர். பாதி ஆட்டத்தில் பையன்கள் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடிப்பார்கள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். "வேஸ்ட் பண்றானுங்க பாருங்கண்ணா, கொலகாரப் பசங்க," என்பாள் மதிவதனி. அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். இரண்டு பேரும் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்ப்பார்கள், கோலை விட அதைத்தான் அதிகமாகப் பார்த்திருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை, குறை சொல்வதே ஒரு சுகமாக இருந்தது. மழை பெய்யாது. மண் கிடையாது, சரளைக்கல் முழங்காலில் ஏறாது. யாருக்கும் மூச்சு வாங்காது, ஒரு கோல் அடிக்க மூன்று எபிசோடு, பந்து காற்றில் இருக்கும்போதே இரண்டு பேர் சின்ன வயசுக் கதை சொல்லி முடித்துவிடுவார்கள், வரைய நேரமில்லையோ என்னவோ ஒரே படத்தை ஆட்டி ஆட்டிக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், கோல்கீப்பரைச் செய்ததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. நூறு பேரும் பார்வர்டு, அப்போ கோலில் யார் நிற்கிறார்கள்? யாரோ. கூலிக்குக் கொண்டுவந்த ஆள். தூரத்துக் காட்சியில் அவனுக்குக் கண், மூக்குகூட வரையமாட்டார்கள், தொப்பிக்குக் கீழே வழுவழுவென்று ஒரு மாவு உருண்டை. "கோல்கீப்பருக்கு மூஞ்சியே இல்ல பாரு பாப்பா," என்று முதல் முறை சொன்னபோது அவள் நம்பாமல் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு தையல் பிரிகிற மாதிரிச் சிரித்தாள். அவள் சொன்ன குறை வேறு. "அந்தப் படகுல போனவங்க எங்கண்ணா? ஒருத்தனையாவது வீட்டுக்குப் போய் சோறு துன்றத காட்டுறாங்களா? இவனுங்களுக்குத் தெரியல, அங்கதான் கதையே இருக்கு." சொல்லிவிட்டு அடுத்த எபிசோடைப் போடுவாள்.

மெஷின் ஒரு தடவை கூவி அடங்கியது. கமலக்கண்ணன் வந்து ஏதோ பொத்தானை அமுக்கினான். பெரியவர் தலையைத் திருப்பாமலே, "அது எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான், நீங்க பயப்படாதீங்க," என்றான் பாதம், கண்ணைத் திறக்காமல். பேசக்கூடாது. பேசினால் வேறு ஒன்று தொடங்கிவிடும். ஆனால் கண்ணை மூடினால் ஞாயிற்றுக்கிழமை. எப்படி மூடினாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.

கோயிலுக்குக் கிளம்பி ரெஜினா முந்தானையை ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு கிட்னி வந்திருக்கிறது, எதுவும் சாப்பிடாமல் உடனே வாங்க. ஆட்டோவில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் கலைந்துவிடும் என்கிற மாதிரி. நாலாவது மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சு, அதில் ஊதா சுடிதாரில் மதிவதனியும், பக்கத்தில் புருவத்தில் மாவு ஒட்டிய அவள் அப்பா சிகாமணியும். "அண்ணா, நீங்களுமா!" என்று எழுந்தேவிட்டாள், நிஜமான சந்தோஷத்தோடு. பொறுப்பு நர்ஸ் வந்து நேராகச் சொன்னாள்: "ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் ஓ பாசிட்டிவ். பட்டியல்ல பொண்ணு மொதல்ல. பொண்ணு ரத்தத்துக்கு ஒத்துவரலன்னாதான் நீங்க. ரிசல்ட் வர நாலஞ்சு மணி நேரம் ஆவும்." ஒத்துவரலன்னாதான். சிகாமணி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "உக்காருங்க தம்பி, யாருக்குக் கெடச்சாலும் நம்மளுக்குக் கெடச்ச மாதிரி," என்றார். பாதம் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சத்தமெல்லாம் நின்றது. அந்த வராந்தாவின் மொசைக் தரையில் கோடுகள் எழுந்தன, அந்தப் படத்தில் எழுகிற மாதிரியே. இவளுக்கு மூன்று தடவை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், வேறு ஆள் ரத்தம் ஏறினால் ஏதோ எதிர்ப்பு உண்டாகிவிடும், அப்புறம் கிட்னி சுலபத்தில் ஒத்துவராது, இதை அவள்தான் சொன்னாள், ஒரு வியாழக்கிழமை, பயந்துபோய், வீட்டில் சொல்லாததை அவனிடம் சொன்னாள். அவனுக்கு ஒரு தடவைகூட ஏற்றவில்லை. இது வழி. பந்து இந்தப் பக்கம் வரும். அவளுக்கு ஆவாது என்று நினைத்தான், ஆவக்கூடாது என்று நினைத்தான், இரண்டும் ஒன்றில்லை, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எப்போது நகர்ந்தான் என்று இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. அவளோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வெள்ளைமுடிப் பையன் கடைசியில் ஜெயிப்பானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பதிலும் சொன்னான். சிரித்தும் இருப்பான். இதில் எங்கேயோ ஒரு வீட்டில் எவனோ பைக்கில் போனவன் திரும்பி வராமல், அவன் அம்மா பேனாவைப் பிடித்துச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பாள், அந்த நினைப்பு மறுநாள்தான் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. ஒரு மணிக்கு நர்ஸ் வந்தாள். "பொண்ணுக்கு மேட்ச். நீங்க கெளம்பலாம் சார், அடுத்த தடவ பாக்கலாம்." அவன் எழுந்து அவள் தலையில் கை வைத்து, "போய் கோல் அடிச்சுட்டு வா பாப்பா" என்றான். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது. அது யார் குரல். மதிவதனி மாற்றி மாற்றிப் பேசுகிற குரல்களில் ஒன்று மாதிரி இருந்தது.

இரண்டாவது மணி நேரம் முடிகிறபோது கமலக்கண்ணன் ரத்த அழுத்தம் பார்க்க வந்தான். கேட்கக்கூடாது என்று இருந்தவன் கேட்டுவிட்டான்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்குதாம்?"

"ஆபரேசன் நல்லாத்தான் முடிஞ்சுதாம். ஆனா கிட்னி இன்னும் வேல செய்ய ஆரம்பிக்கலியாம்ணே. நேத்து ராத்திரி வரைக்கும் யூரினே வரல. சிலருக்கு அப்படித்தான், லேட்டாவும். பாப்போம்."

பாப்போம். குளிர் இப்போது நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. லூர்து. இருபத்திரண்டு வயதில் ஜில்லா டீமில் லூர்து முதல் கீப்பர், இவன் இரண்டாவது. இரண்டு சீசன் முழுக்க வெளியே பெஞ்சில், வெயிலில், கையுறை மாட்டியபடி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை பந்து லூர்து பக்கம் போகும்போதும் ஒரு விரல், ஒரே ஒரு விரல் என்று நினைத்துக்கொள்வான். பெரிய காயமெல்லாம் அவன் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது. அரையிறுதியில் கம்பத்தில் மோதி மோதிரவிரல் மடங்கியது, லூர்து வெளியே வந்து இவன் தோளைத் தட்டி, "உள்ள போ மச்சான், லெஃப்ட் போஸ்ட் பக்கம் சேறு" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே போய் மூன்று கோல் விட்டான். லூர்துவின் விரல் கடைசிவரைக்கும் நிமிரவில்லை, கல்யாணத்தில் மோதிரத்தைப் பக்கத்து விரலில்தான் போட்டார்கள். நினைத்தால் நடக்காது, நினைப்புக்கு என்ன கை இருக்கிறதா கால் இருக்கிறதா, ரெஜினாவிடம் சொன்னால் இப்படித்தான் சொல்லுவாள், அதனால் சொல்லவில்லை. நினைத்தான், நடந்தது. இப்போதும் நினைத்தான். ஒத்துவரக்கூடாது என்று நினைத்ததை யார் எங்கே போய் நிறுத்தினார்கள், ரிசல்ட் வந்ததும் அது தானாக நின்றுவிட்டதா, இல்லை வராந்தாவைத் தாண்டி ஆபரேசன் ரூமுக்குள் அவள் கூடவே போய்விட்டதா. நின்றிருக்கும். நின்றிருக்காது. ஒருவேளை அவளுக்குள் அந்தக் கிட்னி வேலை செய்யாமலே போனால் அது யாருக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, அது தெரியும், தெரிந்தும் உள்ளே ஒரு மூலையில் ஏதோ ஒன்று கையுறை மாட்டியபடி உட்கார்ந்திருக்கிறதே, அதை என்ன செய்வது.

தாங்காமல் போனை எடுத்தான். கடைசி எபிசோடைப் போட்டான். தனியாகப் பார்க்கக்கூடாது என்று சொன்னாள், பார்த்தான். அவள் குரல் இல்லாமல் அது என்ன படம் என்றே தெரியவில்லை. எழுத்து ஓடியது, ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் அடுத்தது. கோச் கத்தினான், வெறும் குரைப்பு. வெள்ளைமுடிப் பையன் ஓடிவந்தான், எல்லாம் நின்றது, கண்ணில் வெளிச்சம் சுழன்றது, என்ன யோசிக்கிறான் என்று சொல்ல ஆளில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவ்வளவு நாள் தான் பார்த்தது இந்தப் படத்தை இல்லை, அவள் சொன்னதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பந்து கிளம்பியது. கோல்கீப்பர் பாய்ந்தான். கடைசி மேட்ச் என்பதால் பக்கத்திலிருந்து காட்டினார்கள், ஒரே ஒரு வினாடி, அப்போதும் முகம் இல்லை, வழுவழுவென்று. வலை கிழிந்தது. ஜெயித்தவன் கடற்கரையில் தனியாக நின்று அழுதான். தூரத்தில் படகு. பாட்டு. முடிந்துவிட்டது. அவ்வளவுதானா. இருபத்து நாலு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது இதற்குத்தானா, ஒருத்தன் மட்டும் நிற்பதற்கு. அப்போதுதான் கால் பிடித்தது. கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி மேலே ஏறியது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்காலைச் சுவரில் அழுத்தினான், கமலக்கண்ணன் ஓடிவந்து விரலை மடக்கிப் பிடித்தான், பெரியவர் "ஐயோ, எனக்கும் இப்படி ஆவுமா" என்று அழுகிற குரலில் கேட்டார். பாதத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வலிக்குத்தான் என்று வைத்துக்கொண்டான்.

சதை இளகி மூச்சு திரும்புகிற நேரத்தில் போன் அடித்தது. மதிவதனி என்று வந்தது. ஒரு கணம் எடுக்கவில்லை. அவள் போனிலிருந்து அவள் அப்பா பேசினால்?

"அண்ணா." அவள்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அண்ணா, காலையிலேர்ந்து எழுநூறு மில்லி. எழுநூறு! சிஸ்டர் பைய தூக்கிக் காட்டுனாங்க. மஞ்சளா, அழகா இருந்துச்சுண்ணா."

"சரி பாப்பா," என்றான்.

"போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்திருக்காங்க, அஞ்சு நிமிசந்தான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு பெஞ்சுல உக்காந்திருந்தோம் இல்ல. நான் உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டே இருந்தேண்ணா. எனக்குக் கெடைக்கணும்னு மட்டுமில்ல. உங்களுக்கு வந்துடக் கூடாதுன்னு. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு சரியில்லாம இருக்கணும், சளி புடிச்சிருக்கணும்னுகூட நெனச்சேன். நீங்க என்னாடான்னா தலையில கை வெச்சு அனுப்புனீங்க. நான் கேவலமான பொண்ணுண்ணா."

அவன் சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. நானும்தான் பாப்பா. இரண்டே வார்த்தை. சத்தம் நின்றது, கோடுகள் எழுந்தன, எல்லா வழியும் தெரிந்தது, நேரம் நிறைய இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றான். "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. நீ நிம்மதியா தூங்கு."

"நீங்க தங்கம்ணா," என்றாள். அழுதாள். போனை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

வேலை செய்கிறது. கிட்னி வேலை செய்கிறது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருக்க வேண்டும், இறங்கியது, இறங்கிய இடத்தில் அதைவிடச் சின்னதாக, கூர்மையாக ஒன்று குத்தியது. மனசுல வெச்சுக்கல. மன்னித்துவிட்டான். பெரிய மனுஷன். அவள் தன் அழுக்கை எடுத்து வெளியே போட்டாள், இவன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுத்தமானவன் மாதிரி நின்றான். இனி ஆயுசுக்கும் அவள் இவனைத் தங்கம் என்று நினைப்பாள், தன்னைக் கேவலம் என்று நினைப்பாள், மாத்திரை போடும்போதெல்லாம், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம். இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. மெஷினின் சக்கரம் சுற்றியது. அவள் நம்பருக்குத் திரும்ப அடித்தான், அணைத்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் சொல்லலாம். வியாழக்கிழமை சொல்லலாம். சொல்லமாட்டான், அவனுக்குத் தன்னைத் தெரியும், வியாழக்கிழமைக்குள் இது சின்னதாகிவிடும், சின்னப்பெண், அவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஆகிவிடும். சிகாமணியின் நம்பரைத் தேடினான். வலது கைவிரல் குளிரில் மரத்துப்போயிருந்தது, இரண்டு தடவை தப்பாக அமுக்கினான்.

"சொல்லுங்க தம்பி! பாப்பா பேசுச்சா? எழுநூறு!" சிகாமணிக்குக் குரல் உடைந்தது. "என்னை உள்ள விடல, கண்ணாடிக்கு வெளிய நிக்கிறேன். இப்பதான் கண்ண மூடுச்சு."

"தூங்கட்டும்ணே. எழுந்ததும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. பேச முடியாது, சீட்டுல பெருசா எழுதி கண்ணாடில காட்டிடுறேன். அப்படித்தான் காலைலேர்ந்து பேசிக்கிறோம். இருங்க, பேனா எடுத்துக்கறேன்." காகிதம் சரசரத்தது. "ம்."

பெரியவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

"பாதம் அண்ணன் சொன்னாருன்னு எழுதுங்க," என்றான். "நானும் அதேதான் நெனச்சேன். அவ்ளோதான்."

"நானும்... அதேதான்... நெனச்சேன்," என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே எழுதினார் சிகாமணி. பேனா நின்றது. "என்ன நெனச்சீங்க தம்பி?"

பாதம் வாயைத் திறந்தான். மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் போனுக்குள் போயிருக்கும்.

"சரி விடுங்க," என்றார் சிகாமணி, பெரிய மனசோடு. "நல்லதத்தான் நெனச்சிருப்பீங்க."